ஆபத்தான விலங்கின் முன் இரட்டைக்குழல் ரைபிள்: தேர்வு செய்வோருக்கு ஓர் அறிமுகம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இரட்டைக்குழல் துப்பாக்கி புதிய பொருளன்று. செம்பனைக் கன்றுகளைக் கிளறி நாசம் செய்யும் காட்டுப்பன்றிகளைச் சுட உரிமம் பெற்றவர் வருவார். துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, இரண்டு குழல்களிலும் தோட்டாவைச் செருகி, ஒரே அசைவில் மூடுவார். இதை வேலியோரம் நின்று பார்த்தவர்கள் நம்மில் பலர். அதனால் 'டபுள் ரைபிள்' என்ற பெயரைக் கேட்டவுடன், அதே துப்பாக்கி சற்றுப் பெரிதாக இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். தோற்றத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரிதான். செய்யும் வேலையைப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு ஆயுதங்கள்.

பன்றிக்கு எடுக்கும் துப்பாக்கி ஷாட்கன். அதன் குழல் உட்புறம் வழுவழுப்பானது. ஒரு தோட்டாவிலிருந்து பல ஈயக் குண்டுகள் பரவிச் செல்லும். ரைபிளின் குழலுக்குள் சுருள்வடிவப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை தனியொரு கனத்த குண்டைச் சுழற்றி அனுப்புவதால், அந்தக் குண்டு தலைகுப்புறப் புரளாமல் நேராகச் சென்று, தடித்த தோலையும் எலும்பையும் துளைத்து ஆழமாக இறங்கும். அத்தகைய இரண்டு குழல்களைப் பக்கவாட்டில் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி விசை (டிரிகர்), தனி வில் (ஸ்பிரிங்), தனிச் சுத்தியல், தனி ஊசி என்று அமைத்திருப்பதே இரட்டைக்குழல் ரைபிள். விசையை ஒருமுறை அழுத்தினால் இரண்டு குண்டுகளும் சேர்ந்து பாயும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி நடந்தால் அது பழுது, அதிலும் தோளை உடைக்கக்கூடிய பழுது. முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு என்பதே வழக்கம். ஒரே பிடிக்கட்டையில் பொருத்திய இரண்டு தனித் துப்பாக்கிகள் என்று புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாக விளங்கும்.

இந்த ஆயுதத்துக்குரிய வேட்டை நம் நாட்டில் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தீபகற்ப மலேசியாவில் யானை, செலாடாங் என்னும் காட்டுமாடு, புலி ஆகிய மூன்றும் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. தோட்டத்துக்குள் யானை இறங்கினால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைத்தான் அழைக்க வேண்டும். அவர்கள் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, வேறு காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். துப்பாக்கி உரிமமோ 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் இருப்பது. ஆகவே இக்கட்டுரை பேசுவது, நமீபியா, ஜிம்பாப்வே, தான்சானியா போன்ற நாடுகளில் அரசு வகுத்த ஒதுக்கீட்டுக்கும் அனுமதிக்கும் உட்பட்டு நடக்கும் வேட்டையைப் பற்றி. எல்லா ஆப்பிரிக்க நாடுகளும் அதை அனுமதிப்பதில்லை. கென்யா 1977-இலேயே தடை செய்துவிட்டது.

ஆனாலும் இந்த ரைபிளுக்கும் மலாயாவுக்கும் பழைய உறவு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இங்கே யானையையும் செலாடாங்கையும் தேடிக் காட்டுக்குள் போன துரைமார்களின் கனவு ஆயுதம் இதுதான். அந்தக் காலத்து வேட்டைக்காரர்களில் ஒருவரான தியோடர் ஹப்பேக் பிற்காலத்தில் விலங்குகளைக் காக்கும் பக்கம் முழுமையாகத் திரும்பினார். 1938, 1939-ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் உருவாகி, இன்று தாமான் நெகாரா என்று வழங்கும் தேசியப் பூங்கா அமைவதற்கு அவருடைய விடாப்பிடியான உழைப்பே முதற்காரணம். நம் நாட்டுச் செலாடாங்கின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேட்டையை நன்கு அறிந்தவரே அதற்கு எல்லை வகுக்கவும் முன்வந்தார் என்பது எனக்கு மிகவும் மதிப்புக்குரிய செய்தி.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். விலை குறைந்த, உறுதியான, நான்கைந்து தோட்டாக்கள் கொள்ளும் போல்ட் ரைபிள் இருக்கும்போது, இரண்டே தோட்டாக்கள் கொள்ளும் இவ்வளவு விலையுள்ள ஆயுதம் எதற்காக?

விடை விலங்கின் வேகத்தில் இருக்கிறது. நம் பேராக் மாநிலத்திலேயே தெலுக் இந்தான் அருகில், பாதையோரத்தில் ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் தன் கூட்டத்தைக் காப்பதற்காக ரயிலையே எதிர்த்து மோதித் தடம்புரளச் செய்த காட்டு யானை அங்கே புதைக்கப்பட்டிருப்பதாக அது அறிவிக்கிறது. சினம்கொண்ட பெருவிலங்கு எதிரில் நிற்பது எவ்வளவு பெரியது என்று கணக்குப் பார்ப்பதில்லை, நேராக வரும். ஆப்பிரிக்க எருமை மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் ஓடக்கூடியது, அதாவது நொடிக்குப் பதினான்கு மீட்டர். புதருக்குள் முப்பது மீட்டர் தொலைவில் காயம்பட்ட எருமை திரும்பிப் பாய்ந்தால், சுடுபவருக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்குச் சற்று மேல். போல்ட் ரைபிளில் முதல் குண்டு போனதும் கைப்பிடியைத் தூக்கி, பின்னிழுத்து, முன்தள்ளி, மீண்டும் அழுத்த வேண்டும். தேர்ந்தவர் இதை மிக விரைவாகச் செய்வார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நடுக்கத்தில் பாதி இழுத்துத் தள்ளிவிட்டால் தோட்டா சிக்கிக்கொள்ளும், கண்ணும் குறியிலிருந்து விலகிவிடும். இரட்டைக்குழலில் விரல் ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்தால் போதும். ஒரு பக்கத்து வில் ஒடிந்தாலும், ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும், மறுபக்கம் அதனால் பாதிக்கப்படாது.

ஆகவே இரட்டைக்குழல் ரைபிளின் பொருளே இரண்டாவது குண்டுதான். முதல் குண்டை எந்த நல்ல ரைபிளும் சரியாக அனுப்பும். கேலிபர், எடை, விசை, கட்டையின் நீளம் என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும், "இது என் இரண்டாவது குண்டை விரைவாகவும் நான் நினைத்த இடத்திலும் கொண்டுசேர்க்குமா?" என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, மிகப்பெரிய எண்ணைத் தேடிப் போகிறார்கள்.

அந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேலிபர் என்பது குழல் துளையின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்லும் அளவு; 470 என்றால் ஏறக்குறைய அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் இலங்கையின் நுவரெலியாப் பக்கத்தில் யானை வேட்டையாடிய காலத்தில், கரும்புகை வெடிமருந்துதான் இருந்தது. அதற்கு வேகம் குறைவு என்பதால் குண்டின் பருமனை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒரு குண்டு கால் பவுண்டு எடையுள்ள துப்பாக்கிகள்கூட இருந்தன. பிறகு கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்து வந்தது. லண்டனைச் சேர்ந்த ரிக்பி நிறுவனம் 1898-இல் 450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டபோது, மெல்லிய குழலும் கனத்த குண்டும் மிகுந்த வேகமும் ஒன்றாகச் சேர்ந்தன. இன்றைய இரட்டைக்குழல் ரைபிள்கள் எல்லாம் அதன் வழி வந்தவைதாம்.

கார்டைட்டுக்கு ஒரு குறை உண்டு. வெப்பம் கூடினால் அதன் அழுத்தமும் கூடிவிடும். இங்கிலாந்தின் குளிரில் சரியாக வேலை செய்த தோட்டா, இந்தியாவின் கோடையிலும் ஆப்பிரிக்காவின் வெயிலிலும் வீங்கிக் குழலுக்குள் ஒட்டிக்கொண்டது. இரட்டைக்குழலுக்கு வெற்றுத் தோட்டாவை வெளியே இழுக்கும் வலிமை போல்ட் ரைபிளுக்கு இருப்பதுபோல் கிடையாது. அதனால் தோட்டாவின் பித்தளைக் கூட்டை நீளமாகவும் பெரிதாகவும் செய்து, உள்ளே அழுத்தம் தாழ்வாக இருக்கும்படி அமைத்தார்கள். 470 தோட்டா மூன்றே கால் அங்குலக் கூட்டோடு அவ்வளவு நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அடியில் புடைத்த விளிம்பு இருப்பதும் அதே நோக்கத்தில்தான்: துப்பாக்கியை மடக்கும்போது அந்த விளிம்பைப் பற்றித்தான் தோட்டா வெளியே தள்ளப்படும். விளிம்பில்லாத தோட்டாவுக்கென இரட்டைக்குழல் செய்பவர்களும் உண்டு. அதற்குச் சிறிய வில் பொருத்திய கொக்கி வேண்டும். ஆபத்தான விலங்குக்கு முன்னால் நான் அந்தச் சிறிய வில்லை நம்பச் சொல்லமாட்டேன்.

465, 470, 475, 476 என்று ஒட்டி ஒட்டி ஏன் இத்தனை எண்கள் என்ற குழப்பம் புதியவர்களுக்கு வரும். இது குண்டின் பாய்ச்சலை ஆராயும் பாலிஸ்டிக் அறிவியலால் வந்ததன்று, அரசியலால் வந்தது. கிளர்ச்சிக்காரர்கள் கையிலிருந்த பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்கு 450 குண்டுகள் பயன்பட்டுவிடும் என்ற அச்சத்தில், 1907-ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டிஷ் அரசு அந்தக் கேலிபரை இந்தியாவிலும் சூடானிலும் தடை செய்தது. உடனே ஒவ்வொரு துப்பாக்கி நிறுவனமும் தடைக்கு அகப்படாத தன் சொந்த அளவை உருவாக்கியது. வேலையைப் பொறுத்தவரை அவை ஏறக்குறைய ஒன்றே. ஜோசப் லாங் உருவாக்கிய 470-ஐ மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டதால் அது நிலைத்தது. இன்றும் புதிய தோட்டா எளிதில் கிடைப்பது அதற்குத்தான். 476-க்குப் பெயரெடுத்த பழைய ரைபிள் மலிவாகக் கிடைத்தாலும், அதற்குத் தோட்டா தேடி அலைவதை முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டும்.

அளவுகளைப் பார்ப்போம். 375 தோட்டாவின் குண்டு 300 கிரெய்ன், அதாவது சுமார் 19 கிராம். பல ஆப்பிரிக்க நாடுகளில் ஆபத்தான விலங்குக்கு இதுவே சட்டப்படியான கீழெல்லை. 450/400 என்பது 450 அளவுக் கூட்டின் வாயைக் குறுக்கி 400 அளவுக் குண்டைப் பொருத்திய தோட்டா; அது 400 கிரெய்ன் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,100 அடி வேகத்தில் அனுப்பும். 470 அனுப்புவது 500 கிரெய்ன், 2,150 அடி. 500 நைட்ரோ 570 கிரெய்ன் குண்டை அதே வேகத்தில் அனுப்பும். அதற்கு மேலே 577-க்கு 750 கிரெய்னும் 600-க்கு 900 கிரெய்னும் குண்டுகள். 600-இன் ஒரு குண்டு சுமார் 58 கிராம். 1980களின் இறுதியில் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் 1,000 கிரெய்ன் குண்டுள்ள 700-ஐயும் செய்தது.

இந்த வரிசையைப் படிக்கும்போது இளைஞர் கண்கள் இயல்பாகவே கடைசிக்குப் போகும். 600 ரைபிளின் எடை ஏழு கிலோ அளவில் இருக்கும் என்பதையும், அதைத் தூக்கிக்கொண்டு யானைத் தடத்தின் பின்னால் வெயிலில் காலை முதல் மாலை வரை நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். எடையைக் குறைத்தால் உதைப்பு தாங்காது. சுமார் ஐந்து கிலோ எடையுள்ள 470-இன் உதைப்பே சாதாரண மான் வேட்டை ரைபிளின் உதைப்பைப் போல மூன்று நான்கு மடங்கு. நம் ஊர்ப் 12 போர் துப்பாக்கியைச் சுட்டுத் தோள் வலித்தவர்கள் அதை இரண்டு மூன்று மடங்காகக் கற்பனை செய்துகொள்ளலாம். உதைப்பால் ஏற்படும் உண்மையான கேடு தோள்வலியன்று. உதைக்கப் போகிறது என்று உடம்பு அறிந்துகொண்டபின், விசையை அழுத்தும் கணத்தில் கண் தானாக மூடும், தோள் முன்னே சாயும், குண்டு தாழ்ந்து போகும். குழல் வானத்தைப் பார்க்க எழும்பிவிட்டால், அதை மீண்டும் விலங்கின்மேல் இறக்குவதற்குள் இரண்டாவது குண்டுக்கான நேரம் கடந்துவிடும். எனவே என் முடிவான கருத்து இது: முதல்முறையாக இரட்டைக்குழலைக் கையாளுபவருக்கு 450/400, நல்ல உடல்வலுவும் பயிற்சியும் உள்ளவருக்கு 470. யானையை அடிக்கடி மிக நெருக்கத்தில் எதிர்கொள்ளும் தொழில்முறை வேட்டை வழிகாட்டிக்குத்தான் 500 தேவைப்படும்.

450/400 போதுமா என்று ஐயப்படுபவர்கள், குமாவோன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போன ஜிம் கார்பெட் ஜெஃப்ரி நிறுவனத்தின் அதே 450/400 இரட்டைக்குழலை வைத்திருந்தார் என்பதை நினைக்கலாம். மறுபக்கம், ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட டபிள்யூ. டி. எம். பெல் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய கேலிபர்களையே பயன்படுத்தினார் என்று சொல்லி, "பெரிய கேலிபரே வீண்" என்று வாதிடுபவர்களும் உண்டு. பெல் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். அசாத்திய நிதானம் கொண்டவர். மனிதனை இன்னும் அஞ்சிப் பழகாத யானைகளைத் தேர்ந்தெடுத்துச் சுட்டவர். அவரை உதாரணமாகக் காட்டி ஒரு புதியவரை மெல்லிய ரைபிளுடன் அனுப்புவது பொறுப்பற்ற செயல். விலங்கைத் துன்புறுத்தாமல் உடனே வீழ்த்த வேண்டும் என்ற கடமையும் இதில் அடங்கியிருக்கிறது.

இப்போது இரட்டைக்குழல் ரைபிளின் உயிர்நாடிக்கு வருகிறோம். விற்பவர்கள் இதைப் பற்றிக் குறைவாகவே பேசுவார்கள். வாங்குபவர்கள் இதை மிகுதியாகக் கேட்க வேண்டும். இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுட வேண்டும் என்பதே அது. ஆங்கிலேயத் துப்பாக்கித் தொழிலாளர்கள் இதை 'ரெகுலேஷன்' என்பார்கள்.

குழல்கள் இரண்டும் இணைகோடுகளாக ஓடுகின்றன என்று தோன்றும். உண்மையில் அவை வாய்ப்பகுதியை நோக்கி மிகச் சிறிதளவு ஒன்றையொன்று நெருங்குகின்றன. வலக்குழலைச் சுடும்போது, அது துப்பாக்கியின் நடுக்கோட்டுக்கு வலப்புறம் இருப்பதால், உதைப்பு முழு ஆயுதத்தையும் மேலேயும் வலப்பக்கமும் திருப்புகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே இந்தத் திருப்பம் தொடங்கிவிடுகிறது. இடக்குழல் அதேபோல் இடப்பக்கம் திருப்புகிறது. ஆகவே குழல்களை உள்நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தால், திருப்பமும் சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டி, இரண்டு குண்டுகளும் ஒரே குறியில் போய்ச் சேரும். அந்தச் சாய்வு எவ்வளவு என்பதைக் கணக்கு மட்டும் போட்டுச் சொல்லிவிட முடியாது. கைவினைஞர் இரு குழல்களின் வாய்ப்பகுதிக்கு நடுவில் சிறிய ஆப்பு ஒன்றை வைத்துப் பற்றவைத்து, சுட்டுப் பார்ப்பார். குறி விலகினால் பற்றை இளக்கி, ஆப்பை முடியிழை அளவு நகர்த்தி, ஆறவிட்டு, மீண்டும் சுடுவார். வலது ஒன்று, இடது ஒன்று, மறுபடி வலது, மறுபடி இடது. நான்கும் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டுக்குள் அடங்கும் வரை இது தொடரும். இரட்டைக்குழலின் விலையில் பெரும்பகுதி இந்த உழைப்புக்குத்தான் போகிறது.

இதிலிருந்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய உண்மை ஒன்று கிளைக்கிறது. இந்த ஈடுகட்டல் ஒரு குறிப்பிட்ட குண்டு எடைக்கும் குறிப்பிட்ட வேகத்துக்கும் மட்டுமே பொருந்தும். வேகம் குறைந்த தோட்டாவைப் போட்டால் குண்டு குழலுக்குள் நீண்ட நேரம் இருக்கும், திருப்பம் மிகும், வலக்குண்டு வலப்பக்கமாகவும் இடக்குண்டு இடப்பக்கமாகவும் விலகிப் போகும். வேகம் கூடினால் குண்டு முன்கூட்டியே வெளியேறிவிடும். வலக்குண்டு இடப்பக்கத்தில் விழ, இடக்குண்டு வலப்பக்கத்தில் விழ, இரண்டும் குறுக்கே கடக்கும். நல்ல பழைய ஆங்கிலேய ரைபிளின் குழல்களைக் கழற்றி, அடிப்பக்கத்தின் தட்டையான பகுதியைப் பார்த்தால், தரச்சோதனை முத்திரைகளோடு "75 கிரெய்ன் கார்டைட், 500 கிரெய்ன் குண்டு" என்ற பொருளில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அது 470-க்குரியது, 450/400-இல் 60-உம் 400-உம் என்று இருக்கும். அந்த எண்களே அந்த ரைபிளின் ஜாதகம். இன்றைய தொழிற்சாலைத் தோட்டாக்கள் பலவும் அந்தப் பழைய வேகத்துக்கு ஒப்பச் செய்யப்பட்டவைதாம். ஆனாலும் எந்தத் தோட்டாவுக்கு அந்தக் குறிப்பிட்ட ரைபிள் ஒருங்கிணைந்து சுடுகிறது என்று தாளில் சுட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். வாய்வார்த்தையை ஏற்கக் கூடாது. ஐம்பது மீட்டரில் வலது இடது மாறி மாறி நான்கு குண்டுகள் இரண்டரை அங்குலத்துக்குள் விழுந்தால், வேட்டைக்கு அது முழுமையாகப் போதும்.

ரைபிள் உடம்புக்குப் பொருந்துவது அடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிப் பிறகு கண்ணைத் திறந்தால், குறிமுள் பின்குறியின் அகன்ற பள்ளத்தின் நடுவே தானாக வந்து நிற்க வேண்டும். முகத்தை அசைத்துத் தேட வேண்டியிருந்தால் கட்டை உங்களுக்கு ஏற்றதன்று. ஐரோப்பியர் உடல் அளவுக்குச் செய்யப்பட்ட கட்டைகள் நம்மில் பலருக்கு நீளமாக இருக்கும். கட்டை நீண்டால் அக்குளில் சிக்கும், வேகமாக ஏற்ற முடியாது. கட்டையின் கடைப்பகுதியைச் சற்று வெட்டிக் குறைப்பது சிறிய வேலை, தயங்க வேண்டியதில்லை.

விசை இரண்டாகவே இருக்கட்டும். ஒற்றை விசை வசதியானது என்பது உண்மைதான்; ஆனால் இரண்டு தனித் துப்பாக்கிகள் என்ற நன்மையை அது பாதி கெடுத்துவிடுகிறது. சுத்தியலையும் வில்லையும் இயக்கும் பூட்டு அமைப்பில், நடுப்பெட்டிக்குள் அடங்கிய பாக்ஸ்லாக், பக்கத் தகட்டில் பொருத்திய சைட்லாக் என்று இருவகை உண்டு. 1875-இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் ஆன்சன், டீலி என்ற இருவர் கண்டுபிடித்த பாக்ஸ்லாக் எளிமையானது, வலிமையானது, விலை குறைந்தது. சைட்லாக்கின் பக்கத் தகட்டில் அழகிய செதுக்கல் வேலை செய்யலாம், உள்ளே கூடுதல் பாதுகாப்புக் கொக்கியும் உண்டு. வேட்டைக்கு நல்ல பாக்ஸ்லாக் எந்த வகையிலும் குறைந்ததில்லை. ஜெர்மனியின் ஹைம், கிரீகோஃப், மெர்கல், பிரான்சின் வெர்னே கரோன் ஆகிய நிறுவனங்களின் பாக்ஸ்லாக் ரைபிள்களை லண்டன் சைட்லாக்கின் விலையில் ஒரு சிறு பங்குக்கே வாங்க முடியும்.

தவறுதலாக வெடிக்காதபடி விசையைத் தடுத்து நிறுத்தும் பாதுகாப்புப் பூட்டைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். பல ஷாட்கன்களில் துப்பாக்கியை மடக்கித் திறக்கும் ஒவ்வொரு முறையும் பூட்டு தானாகப் பின்னால் வந்து விசையைத் தடுத்துவிடும். பறவை வேட்டைக்கு அது நன்மை. எருமை பாய்ந்துவரும்போது அவசரமாக மறுதோட்டா போட்டு மூடியவர், பூட்டு தானாக விழுந்துவிட்டதை அறியாமல் விசையை அழுத்திக்கொண்டே நிற்பார். பெருவிலங்கு ரைபிளில் தானியங்கும் பூட்டு இருக்கக் கூடாது. இருந்தால் கைவினைஞரிடம் சொல்லி நீக்கிவிட வேண்டும். வெற்றுக்கூடுகளைத் துள்ளி வெளியே எறியும் எஜெக்டர் இருந்தால் மறுதோட்டா போடுவது விரைவாகும். அது இல்லாமல், கூடுகளைச் சற்றே உயர்த்தித் தரும் வகையை விரும்புபவர்களும் இருக்கிறார்கள். ஓசை குறைவு, உடையும் பாகமும் குறைவு.

குண்டில் இருவகை. மென்முனைக் குண்டு உடலுக்குள் மலர்ந்து அகன்ற காயம் உண்டாக்கும். திண்குண்டு உருமாறாமல் ஆழமாகத் துளைத்துச் செல்லும். யானையின் மூளையைச் சுற்றித் தேன்கூட்டைப் போல் அறைகள் நிறைந்த தடித்த எலும்பு இருப்பதால் இரு குழலிலும் திண்குண்டே. எருமைக்கு முதற்குண்டு மென்முனையாகவும், ஓடும்போது பின்னாலிருந்து சுட நேரிடும் இரண்டாவது குண்டு திண்குண்டாகவும் போடுவது பரவலான வழக்கம். இரண்டும் ஒரே எடையிலும் ஒரே வேகத்திலும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முழுக்கச் செம்பாலோ பித்தளையாலோ ஆன புதிய திண்குண்டுகளைப் பழைய மெல்லிய குழல்களில் சுடாதிருப்பது நல்லது. மெதுவாக நசுங்கிக் கொடுக்கும் ஈயம் அவற்றில் இல்லாததால் குழலின் சுவர் இறுக்கத்துக்கு ஆளாகும்.

பழைய ரைபிளை வாங்குபவர், குழல்களைக் கழற்றிக் கொக்கியில் விரலால் தொங்கவிட்டு, மரக்குச்சியால் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். பற்று உறுதியாக இருந்தால் நீண்ட தெளிவான மணியோசை வரும். மங்கிய சத்தம் வந்தால் குழல்களை இணைக்கும் பட்டையின் பற்று எங்கோ விட்டிருக்கிறது. பிறகு முன்கட்டையை நீக்கிவிட்டு, மூடிய துப்பாக்கியை வெளிச்சத்தில் பிடித்து, குழலுக்கும் பின்சுவருக்கும் இடையே ஒளி தெரிகிறதா, ஆட்டினால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். நம்மூர் ஈரக்காற்றில் வைத்திருந்த ரைபிள் என்றால் பட்டைக்கு அடியில் துருவைத் தேட வேண்டும். வெற்றுப் போலித்தோட்டா போட்டு முன்விசையை அழுத்தி, கட்டையை உள்ளங்கையால் பலமாகத் தட்டினால் பின்விசைக்குரிய சுத்தியல் விழக் கூடாது. விழுந்தால், முன்னர் சொன்ன அந்த இரட்டை வெடிப்பு அந்தத் துப்பாக்கியில் காத்திருக்கிறது.

மலேசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் ஒருவர் பெரும்பாலும் சொந்த ரைபிள் கொண்டுபோக மாட்டார். வேட்டை நடத்தும் முகாமிலிருந்து வாடகைக்கு எடுப்பார். அப்போதும் மேலே சொன்னவை அனைத்தும் பொருந்தும். முன்பதிவு செய்யும்போதே, என்ன கேலிபர், விசை எத்தனை, பூட்டு தானியங்குகிறதா, எந்தத் தோட்டாவுக்கு ஒருங்கிணைக்கப்பட்டது, அதே தோட்டா முகாமில் எத்தனை இருக்கிறது என்று எழுத்தில் கேட்க வேண்டும். பதில் தெளிவாக வராவிட்டால், நன்கு பராமரித்த 375 போல்ட் ரைபிளைக் கேட்டு வாங்கிக்கொள்வதே நல்லது. இரட்டைக்குழலை வழிகாட்டி சுமக்கட்டும். போய்ச் சேர்ந்த முதல் நாள், காட்டுக்குள் இறங்குவதற்கு முன், நின்ற நிலையில் வலதும் இடதும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்க வேண்டும். மேசையில் சாய்ந்து சுட்டால் உதைப்பு வேறு மாதிரி இருக்கும், குறியும் மாறும். பிறகு வெற்றுத் தோட்டாக் கூடுகளை வைத்து, இடக்கை விரல் இடுக்கில் இரண்டு தோட்டாக்களைப் பிடித்தபடியே துப்பாக்கியை மடக்கி, இரண்டையும் ஒருசேரச் செருகி மூடுவதைக் கண் குறியை விட்டு அகலாத அளவுக்குப் பழக வேண்டும்.